சிக்கிக்கொண்ட ராட்செட்

எழுபதுகளில் பொன்னேரியில் டாக்சி ஓட்டினேன். வாழ்நாளில் நான் மனதாரச் சபித்த ஒரே ஆள், கும்மிடிப்பூண்டி ரோட்டில் ஷெட் போட்டிருந்த ஒரு மெக்கானிக்தான். வேலை தெரியாதவன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தவன். அந்தத் திமிரைத்தான் தாங்க முடியாது.

துறைமுகத்தில் கப்பல்காரன் எவனிடமோ ஒரு ராட்செட் ஸ்பேனர் வாங்கி வைத்திருந்தான். போல்ட்டை விட்டு எடுக்காமலே கையை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். ஒரு பக்கம் கடிக்கும், மறுபக்கம் ‘கிர்’ரென்று சும்மா திரும்பும். கை நுழையாத சந்துக்கு அருமையான சாமான். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குக் குங்குமம் வைப்பான். பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கியிருப்பானா என்பது சந்தேகம்.

அன்று சாயங்காலம் பொன்னேரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆரணியில் ஒரு கல்யாணப் பெண்ணை அழைத்துப்போக என் வண்டியைப் பேசியிருந்தார்கள். நெல் வயல்காரர்கள், பெரிய குடும்பம். இந்தச் சவாரி ஒழுங்காக முடிந்தால் அவர்கள் சொந்தபந்தத்து விசேஷமெல்லாம் என் கைக்கு வரும். காலையில் பார்த்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் செத்துக் கிடந்தது. உள்ளே கல்யாணப் பெண்ணை வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளச் சொல்ல முடியுமா? ஷெட்டுக்குக் கொண்டுபோனேன்.

மோட்டாரைப் பிடித்திருந்த மேல் போல்ட், எஞ்சினுக்கும் பின்னாலிருந்த இரும்புத் தகட்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது.

“கயட்டும்போது போல்ட்டு வெளிய வருமே, எடம் பத்துமா? சாதா ஸ்பேனர்லயே மெதுவா கயட்டுபா” என்றேன்.

“ஓட்றவன் ஓட்றதோட நிறுத்திக்க நைனா. நான் இன்னா நேத்து வந்தவனா?” என்று ராட்செட்டை மாட்டினான்.

கிர், கிர். போல்ட் வெளியே வர வர ஸ்பேனரையும் தள்ளிக்கொண்டு வந்து தகட்டில் முட்டி நின்றது. உருவ இடமில்லை. போல்ட்டைத் திரும்ப முறுக்கவும் வழியில்லை. அந்த ராட்செட்டை வெளியே எடுத்துப் புரட்டி மாட்டினால்தான் மறுபக்கம் கடிக்கும்.

“அத அறுத்துத் தள்ளு!” என்று கத்தினேன்.

“ஃபாரின் சாமான் நைனா! உன் வண்டித் தகட்ட கொஞ்சூண்டு வெட்டிக்கலாமா?”

ஓங்கி அறையத்தான் கை வந்தது. கடைசியில் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி கொடுத்துச் சாய்க்க ஆரம்பித்தான். ஸ்பேனருக்கு வலிக்குமோ என்று அங்குலம் அங்குலமாகச் சாய்த்தான்.

வெயில் தாழ்ந்தபோது பெண்ணின் தம்பி, காருக்குக் கட்ட வேண்டிய மாலையோடு சைக்கிளில் வந்தான். எஞ்சின் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான்.

“இன்னாண்ணா இது? அங்க அக்கா ரெடியாகி குந்திக்கினு கீது!”

நான் வாயைத் திறப்பதற்குள் சைக்கிளைத் திருப்பி டாக்சி ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டான். மாலையையும் எடுத்துக்கொண்டுதான் போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டார் நல்லது கெட்டது எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்பேனர் வெளியே வந்தது. அவன் அதைத் துடைத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான், கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“நல்லவேள நைனா, ஒரு கீறல்கூட வுழல” என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.