எரு குடித்த ஏரி

எழுபதுகளின் கடைசியில் எருமப்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தோம். குத்தகை என் பெயரில். மீன்குஞ்சு வாங்கி விட்டது என் மச்சான், மனைவியின் அண்ணன். அவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். அங்கே சேரும் எருவை மாட்டுவண்டியில் கொண்டுவந்து ஏரியில் தள்ளுவோம். எருவால் பாசி வளரும், பாசியைத் தின்று மீன் கொழுக்கும் என்பது கணக்கு. அளவு பார்க்க ஒரு வழி வைத்திருந்தோம். முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விடுவது. உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. பளிச்சென்று தெரிந்தால் இன்னொரு வண்டி எரு. தெரியாமலே போனால் என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் மணிக்கட்டு நனைவதற்குள் விரல்கள் மறைந்துவிட்டன. நான் ஏழாவதோடு நின்றவன். தெரியாத விஷயம் எதுவும் கெட்டதாகத்தான் முடியும் என்று எப்போதும் எனக்கு ஒரு பயம்.

“மச்சான், பச்சை ரொம்ப ஏறிப்போச்சுங்க.”

“சோத்துல குழம்பு சாஸ்தியாயிருச்சுன்னு யாராச்சும் அழுவாங்களா மாப்ளே?” என்று சிரித்தார். பண்ணையில் எரு தேங்கினால் ஈ மொய்க்கும், ஊரார் சண்டைக்கு வருவார்கள். ஏரிதான் அவருக்குத் தோது.

அந்தச் சமயம் கல்லூரி வாத்தியார் ஒருவர் சோதித்துப் பார்க்கத் தண்ணீர் எடுக்க வந்தார். கூம்பு மாதிரி ஒரு துணிவலை, அதன் நுனியில் சின்னக் குப்பி. ஓடை வந்து சேரும் வாயில் எடுத்த தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். படகு மாதிரி ஒன்று, பிறை மாதிரி ஒன்று, மணி கோத்த சரம் மாதிரி ஒன்று, மயிர் மாதிரிக் கால்களை அடித்துக்கொண்டு ஓடும் பூச்சி ஒன்று. பிறகு எரு கொட்டும் கரையில் எடுத்த சொட்டு. பச்சைப் பச்சையாக உருண்டைகள், அத்தனையும் ஒரே சாடை. வேறு எதுவும் இல்லை.

“எல்லாமே தண்ணியில மிதக்கிற உயிருங்க. எரு மிஞ்சினா ஒரே ஒரு ஜாதி பெருகி மத்ததையெல்லாம் அழிச்சிடும். மீனுக்கு அது நல்ல தீனியும் இல்லை. பகல்ல காத்தை விடும், இருட்டினா அந்தக் காத்தைத் தானே இழுத்துக்கும். நாலு நாள் வெயில் இல்லேன்னா மீனுக்கு மூச்சு கிடைக்காது. எருவை நிறுத்தச் சொல்லுங்க.”

“சொல்லிப்போடறேனுங்க” என்றேன். சொல்லவில்லை. மச்சானைப் பார்த்தால் நாக்கு எழாது. அதன்பிறகும் ஐந்து வண்டி இறங்கியது. ஒவ்வொரு வண்டிக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசியில் மூட்டம் போட்டது. மூன்றாம் நாள் விடிகாலை ஏரி முழுக்க மீன்கள் தலையைத் தூக்கி வாயைத் திறந்து திறந்து மூடின. ஆயில் இன்ஜினை ஓட்டித் தண்ணீரை இறைத்து ஏரிக்கே பீய்ச்சினோம். தடியால் அடித்துக் கலக்கினோம். உச்சிப்பொழுதில் எருக் கரையோரம் வெள்ளை வயிறுகளாக மிதந்தன. ஓடைவாய்ப் பக்கம் ஒதுங்கியவை மட்டும் தப்பின.

“மூட்டம் கெடுத்துப்போட்டுது மாப்ளே.”

“ஆமாங்க” என்றேன். சொன்ன வாயை எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் வண்டி வந்தது. மாடுகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

“இருக்கிற மீனாச்சும் பொழைக்கட்டுமுங்க. கொட்டாதீங்க மச்சான்.”

“அப்ப உங்க ஊட்டு வாசல்ல கொட்டட்டுமா?”

“கொட்டுங்க.”

கொட்டியே விட்டார். மனைவி வெளியே வந்து குவியலைப் பார்த்தாள். “ஏனுங்க, எங்கண்ணன் சீர் கொண்டாந்திருக்குதா?” என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கூடை கூடையாக அவளே மரவள்ளிக் காட்டுக்குச் சுமந்தாள். மச்சான் அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நான் தினமும் விடியும்போது ஓடைவாய்க்குப் போய்ப் பார்ப்பேன். மீன்கள் இருந்தன. தண்ணீர் மட்டும் தெளியவில்லை. அடியில் படிந்த எரு இன்னும் கரைந்துகொண்டிருந்தது. வானம் கொஞ்சம் மூடினாலும் எனக்குச் சோறு இறங்காது.