மடித்ததைப் பிரித்த சனிக்கிழமை

பாராசூட்டின் பெரிய நீலத் துணியின் மேல் அவள் குப்புறப் படுத்து, உள்ளே அடைபட்ட காற்றை வயிற்றாலும் முழங்கையாலும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது தலைமாட்டிலிருந்து கேள்வி வந்தது.

"விரியலேன்னா என்ன பண்ணுவீங்க, சம்பந்தி?"

"இன்னொரு குடை இருக்கு. அதை விரிப்பேன்."

"அதுவும் விரியலேன்னா?"

"உங்க பையனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வருவேன்."

சம்பந்தி சிரித்தார். கொட்டகையின் தகரக் கூரையில் பட்டு அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது. முப்பத்தொரு வருஷம் நகர நூலகத்தில் உட்கார்ந்து "உஷ்" என்று ஊரை அடக்கிய அம்மாள் அவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து, அத்தனை வருஷம் விழுங்கியதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்று. அவர் மகனுக்குத்தான் இவள் தன் மகளைக் கொடுத்திருந்தாள். எட்டு மாதம் ஆகிறது. ஐந்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், இரண்டாம் நாள் சாப்பாட்டின்போது, "நானும் ஒரு தடவை குதிக்கணும்" என்றார். போனில் விஷயம் கேள்விப்பட்ட மாப்பிள்ளை, "அம்மா ஏணியில மூணாவது படிக்கு மேல ஏற மாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு அவரை யார் தடுக்க முடியும்? டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி வந்துவிட்டார்.

தனியாகக் குதிப்பதில்லை. இருவர் குடை. சம்பந்தியை நெஞ்சோடு சேர்த்துப் பட்டையால் கட்டிக்கொண்டு இவள் குதிக்க வேண்டும். "சம்பந்திங்க ரெண்டு பேரு இவ்வளவு நெருக்கமா இருந்து எந்த வீட்டுலயும் பார்த்ததில்ல" என்று அவள் கணவர் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். குதிக்கிற மைதானத்திலும் வாத்தியார் என்றுதான் பெயர். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. "பூமி உருண்டைன்னு நான் சொல்லித் தர்றேன். நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்பார். இருபத்தெட்டு வருஷமாக அவள் திரும்பி வந்து, "தட்டையாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"ஒருத்தர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்" என்று சம்பந்தி தொடர்ந்தார். "அடையாளத்துக்கு உள்ள என்ன வச்சிருந்தார், சொல்லுங்க."

"பஸ் டிக்கெட்டு."

"பல்செட்டு. கீழ்ப்பல். புத்தகம் மூடவே இல்ல. மூணு நாள் கழிச்சு வந்தார். வாயைத் திறக்காம கையாலேயே கேட்டார். முப்பத்தொரு வருஷத்துல நான் 'உஷ்' சொல்லாத ஒரே ஆள் அவர்தான்."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நெற்றியைத் துணியில் வைத்துச் சிரித்தாள். சிரித்தபடியே துணியை மடிப்பு மடிப்பாக மடக்கிப் பைக்குள் திணித்தாள். கயிறுகளை வளைத்து வளைத்து ரப்பர் வளையங்களில் மாட்டினாள். மூடியை இழுத்துப் பிடித்து ஊசியைச் செருகினாள். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். அப்போதுதான் கை நின்றது.

குடைக்குக் கீழே, கயிறுகளின் நடுவே, மேசைவிரிப்பு அளவில் ஒரு சதுரத் துணி உண்டு. ஸ்லைடர் என்பார்கள். நாலு மூலையிலும் நாலு வளையம்; கயிறுகள் அவற்றுக்குள் போகும். மடிக்கும்போது அதைக் குடையோடு முட்டும்வரை மேலே தள்ளி நிறுத்த வேண்டும். விரியும்போது காற்று அதைத் தாங்கிப் பிடிக்கும். அது தயங்கித் தயங்கிக் கீழே இறங்க, குடையும் ஆற அமர விரியும். மடிக்கும்போதே அது நழுவிக் கிடந்தால் தயக்கம் கிடையாது. குடை பளாரென்று ஒரே அறையாக விரியும். மூடிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் நாலு வளையத்தையும் விரலால் தொட்டு, "முட்டிருச்சு" என்று வாய்விட்டுச் சொல்வது அவள் வழக்கம்.

பல்செட்டு ஞாபகம் இருந்தது. "முட்டிருச்சு" ஞாபகம் இல்லை.

அவளுக்கு வயது ஐம்பத்து நாலு. வாரத்தில் ஐந்து நாள் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். இருபத்தாறு வயதில், கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் பத்தொன்பதாம் மாடியில், கதவு வைக்காத லிஃப்ட் வாசலில் நின்று கீழே பார்த்தாள். பயம் வரவில்லை. வராததுதான் பயமாக இருந்தது. இதை யாராவது ஒழுங்காகச் சொல்லித் தரட்டும் என்று அந்த வாரமே இந்த மைதானத்துக்கு வந்தாள். இப்போது கணக்கு இரண்டாயிரத்து எழுநூறைத் தாண்டிவிட்டது.

லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: கயிறு அறுந்தால் என்ன ஆகும்? மைதானத்துக்கு வருகிறவர்கள் கேட்பதும் ஒரே கேள்வி: விரியாவிட்டால் என்ன ஆகும்? இரண்டுக்கும் அவள் பதில் ஒன்றுதான். "அதுக்குத்தான் எல்லாரும் பயந்து பயந்து எல்லா ஏற்பாடும் பண்ணி வச்சிருக்காங்களே. யாரும் பயப்படாத இடத்துலதான் அடி விழும்." லிஃப்டில் கயிறு அறுவதில்லை, கதவுதான் விரலைக் கடிக்கிறது. குடை விரியாமல் போவது அபூர்வம். கன்னாபின்னாவென்று விரிவதுதான் ஆளைப் படுத்துகிறது.

பதினொரு வருஷம் முன்பு மடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்த சேதி. பேசி முடித்துவிட்டு, விட்ட இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தாள். மேலே குடை விரிந்தபோது யாரோ முகத்தில் கதவைச் சாத்தியது போலிருந்தது. ஒரு ஷூ கழன்று போய் எங்கோ விழுந்தது. மூன்று மாதம் கழுத்தில் பட்டை. யாராவது கூப்பிட்டால் அலமாரி மாதிரி முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பாள். ஆபீசில் மேலதிகாரிகள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து இரண்டு சட்டம் வைத்துக்கொண்டாள். நடுவில் கவனம் போனால் முதலிலிருந்து ஆரம்பி. முடிவு எடுப்பதை, உயரம் இருக்கும்போதே எடு. வீட்டிலும் இதே சட்டம்தான். ஊருக்குக் கிளம்பும் நாளில் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "பூட்டைப் பூட்டினியா, பேட்டி எடுத்தியா?" என்பார் வாத்தியார். மைதானத்தில் அவளுக்கு 'மறுபடி அக்கா' என்று பெயர்.

விமானி வந்து எட்டிப் பார்த்தார். "மேற்கே பாருங்க, இருட்டிட்டு வருது. இதுதான் இன்னைக்குக் கடைசி. அஞ்சு நிமிஷத்துல வந்து ஏறுங்க."

சம்பந்தி தயாராக இருந்தார். முழு உடுப்பு, இறுக்கிக் கட்டிய பட்டைகள், நெற்றிக்கு மேல் கண்ணாடி. நாளைக் காலை ஏழு மணிக்கு அவருக்கு ரயில். "நூலகத்துல எனக்குக் கொடுத்த இடத்துக்கு ஜன்னலே கிடையாது, சம்பந்தி" என்று விமானியின் பின்னால் நடக்க ஆரம்பித்தவர் திரும்பிச் சொன்னார். "வெளியில மழையான்னு, வர்றவங்க சட்டையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவேன். இன்னைக்கு மழை கிளம்புற இடத்துக்கே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

அவள் பையைத் தூக்கவில்லை. இருவர் குடை அங்கே இரண்டுதான். மற்றதை வேறொருவர் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

"என்னக்கா?" என்றார் கொட்டகைக்காரர்.

"ஸ்லைடரைத் தொட்டேனான்னு தெரியல."

"ரெண்டாயிரத்து எழுநூறு தடவை குதிச்ச ஆளு நீங்க. கை தானா பண்ணியிருக்கும்."

"தானா பண்ணின கைதான் அன்னைக்கு என் கழுத்தைத் திருப்பிச்சு."

ஊசியை உருவினாள். மூடி பட்டென்று திறந்துகொண்டது. சத்தம் கேட்டுச் சம்பந்தி திரும்பி வந்தார்.

"ஏன் பிரிச்சிட்டீங்க?"

"ஒரு இடத்துல சந்தேகம். மறுபடி மடிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

வெளியே எஞ்சின் உறுமத் தொடங்கியது. சம்பந்தி விமானத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் பேசினதாலயா?"

ஆமாம் என்றால் அது மகள் வீடுவரை போகும். இல்லை என்றால் பொய்.

"நான் சிரிச்சதால" என்றாள்.

விமானம் கிளம்பிப் போயிற்று. அவள் துணியை வெளியே இழுத்து விரித்தாள். நாலு வளையமும் மேலே, குடையோடு ஒட்டி, வைத்த மாதிரியே இருந்தன. கொட்டகைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வேறு வேலை இருப்பவர் போல நகர்ந்தார். அவளும் சும்மா இருந்திருக்கலாம். சம்பந்திக்கு வளையம் எது, கயிறு எது என்று தெரியப்போவதில்லை.

"சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

"அப்போ போயிருக்கலாம்?"

"போயிருக்கலாம்."

சம்பந்தி பேசவில்லை. நாலு நாளில் இதுதான் முதல் தடவை. ஓரமாக உட்கார்ந்திருந்த வாத்தியாரால் அதைத் தாங்க முடியவில்லை. பிளாஸ்கைத் திறந்து, "டீ?" என்றார். இருவரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள்.

சம்பந்தி பட்டைகள் கலகலக்கத் தரையில் உட்கார்ந்தார். பாதி தனக்குச் சொல்வது போலச் சொன்னார். "சாயங்காலம் நூலகத்தைச் சாத்தறதுக்கு முன்னாடி, அலமாரிக்கு நடுவுல ஒவ்வொரு சந்துலயும் நடந்து பார்ப்பேன். யாராவது உள்ள மாட்டிக்கக் கூடாதில்ல? முப்பத்தொரு வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் ஒரு ஆள் இருந்தார். கடைசிச் சந்துல, காலை நீட்டித் தூங்கிட்டிருந்தார். மத்த ஏழாயிரம் நாளும் யாருமே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "கூட வேலை பார்த்தவங்க கிண்டல் பண்ணுவாங்க. பேய்க்கு ராத்திரி வணக்கம் சொல்லப் போறாங்கன்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"உஷ்னுதான். வேற என்ன?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை.

"மடிங்க" என்றார் சம்பந்தி. "முடியறவரைக்கும் நான் வாயைத் திறக்கல."

திறக்கவில்லை. அவள் கயிறுகளைப் பிரித்துச் சீராக்கினாள். மடிப்புகளை எண்ணினாள். ஸ்லைடரைத் தள்ளி, நாலு வளையத்தையும் தொட்டு, "முட்டிருச்சு" என்று கொட்டகைக்கே கேட்கும்படி சொன்னாள். சம்பந்தி குனிந்து, தன் விரலாலும் நாலையும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்த வாத்தியார் மெதுவாக, "சம்பந்திக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே..." என்று ஆரம்பித்தார்.

"உஷ்!"

ஊசி செருகியானபோது தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. சற்றுப் பொறுத்து விமானி நனைந்தபடி வந்து, தலையை இடமும் வலமும் ஆட்டினார். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். கொட்டகை வாசலில் நின்று மழையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"ரயிலை விட்டுட்டேன்டா... இல்ல, இன்னும் விடல, நாளைக்குக் காலையிலதான் விடப் போறேன்... ஏணியா? அதை வந்து பேசிக்கலாம். வை போனை."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கு வானம் வெளுத்தது. ஒன்பது இருபதுக்கு விமானம் கிளம்பியது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அடியில் இருவரும் குதித்தார்கள். ஐயாயிரத்து ஐந்நூறில் அவள் குடையை இழுத்தாள். அது விரிய ஆறு விநாடி ஆயிற்று. குடைக்குக் கீழே சம்பந்தி முதலில் மைதானத்தைக் காட்டினார், பிறகு ஆற்றை, பிறகு தொழிற்சாலைப் புகைபோக்கியைக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார். புல்லில் உட்கார்ந்தபடி இறங்கினார்கள். சம்பந்தியின் உடுப்பில் பின்பக்கம் முழுக்கச் சேறு. வாத்தியார் டீ கொடுத்தார். அவள் குடையை மறுபடி மடித்து அலமாரியில் வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பத்து ரயிலில் சம்பந்தியை ஏற்றிவிட்டார்கள். ரயில் எட்டு நிமிஷம் தாமதம். மாலையில் மகள் போன் செய்து, அத்தை எங்கே என்று கேட்டாள். ரயிலில் இருக்கிறார் என்று அவள் சொன்னாள்.