பின்னுக்கு வைத்த தேசிக்காய்

என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான், இக்காஸ்ட் என்ற டேனிஷ் ஊரில் தன் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம் போட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு ரயில் எஞ்சின் கட்டினார். சாதாரண நீராவி எஞ்சின் என்றால் யாருக்கும் கவலை இருந்திருக்காது. இது டர்பைன் எஞ்சின். நீராவி பிஸ்டனைத் தள்ளாது. காற்றாடியைப்போலத் தகடுகளைச் சுழற்றும். ஆகவே 'குப் குப்' கிடையாது. மெல்லிய ஊதல் மட்டும்தான்.

இந்த வகையைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். வாசிப்பதைத் தவிர வேறெதுவும் எனக்குக் கைவந்ததில்லை. ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிதாகக் கட்டிப் பார்த்தார்கள். வேகம் பிடித்துவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். மெதுவாகப் போகும்போதுதான் நீராவியைக் கண்டபடி குடிக்கும். தகடுகள் ஒரு பக்கமே சுற்றும். பின்னால் போக இன்னொரு சிறிய டர்பைன் வைப்பார்கள். அத்தான் வைக்கவில்லை. வட்டத்தில் ஓடுகிற சாமானுக்குப் பின்பக்கம் எதற்கு என்றார்.

வீட்டை விற்றாயிற்று. திங்கட்கிழமை சாவி கொடுக்க வேண்டும். போகப்போவது ஹோர்சன்ஸில் மூன்றாம் மாடி. அந்தச் சனிக்கிழமை ஓடாவிட்டால் அது என்றைக்குமே ஓடாது. அத்தான் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

நான் தேசிக்காய், எலுமிச்சைதான், கொண்டுபோயிருந்தேன். புது வாகனத்தின் சில்லுக்குக் கீழே வைத்து நசித்துவிட்டுப் புறப்படுவது நம் வழக்கம். கார் வாங்கியபோது டேனிஷ் விற்பனையாளர் வாயைப் பிளந்து பார்க்கப் பார்க்கச் செய்தவன் நான். கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொல்லித் திரிகிறவனும் நானே. இவ்வளவு சின்ன எஞ்சினுக்குத் தேசிக்காய் ஒரு பாறாங்கல் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பனிமூட்டம். முன்சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய்களை வைத்தேன். அத்தான் நீராவியைத் திறந்தார். ஊதல் எழுந்தது, எஞ்சின் தேசிக்காயில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் திறந்தார். ஊதல் மெலிந்து, உயர்ந்து, காதுக்கு எட்டாமல் போயிற்று. பக்கத்து வீட்டு நாய் குரைப்பை நிறுத்தியது.

எஞ்சின் மெல்லப் பின்னால் வந்தது.

அத்தான் நீர்மட்டம் பிடித்துப் போட்ட பாதை அது, சரிவே இல்லை. பின்னால் நின்ற என் சப்பாத்தைத் தொட்டு நின்றது. பிறகு முன்னே பாய்ந்து, தேசிக்காய்களை நசித்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டது. சத்தமில்லாததால் எங்கே போகிறது என்று தெரியவில்லை. முழங்காலில் சூடு பட்டபோதுதான் திரும்பி வந்திருப்பது தெரிந்தது.

நீராவியை அடைத்துவிட்டு அத்தான் கேட்டார். "தம்பி, நீயே பின்னால இழுத்தனீ?"

"இல்லை அத்தான். நான் கையைக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்."

அவர் குனிந்து எஞ்சினின் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார். "அக்காவுக்குச் சொல்லிப்போடாதை. பிறகு புது வீட்டுக்குள்ள எடுக்க விடமாட்டா."

நான் எழுதுவதை அக்கா வாசிப்பதில்லை என்ற துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஹோர்சன்ஸுக்குப் போனேன். எஞ்சின், வீட்டு ஹோலில், சுவரோரமாக, ஒரு துண்டுத் தண்டவாளத்தில் நின்றது. கொதிகலன் வெறுமை, இரும்பு பச்சைத்தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. சில்லுக்கு முன்னுக்கு ஒரு தேசிக்காய், பின்னுக்கு ஒன்று. பின்னுக்கு எதற்கு என்று கேட்டேன்.

"நிண்ட இடத்தில நிக்கட்டும் எண்டுதான்," என்றார், அடுப்படியில் நின்ற அக்காவுக்குக் கேட்காமல்.

குனிந்து பார்த்தேன். முன்னுக்கு இருந்தது முழுசாக இருந்தது. பின்னுக்கு இருந்தது நசிந்து, சாறு தண்டவாளத்தில் ஈரமாக இருந்தது.