அப்பாவின் இடுப்பும் எங்கள் மாநாடும்

மாத்தளைக் கடைத்தெருவில், மழையில் வழுக்கி விழுந்த அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஒப்பரேசன் செய்வதே நல்லது என்றார் டொக்டர். மறுநாள் வார்டு வாசலில் குடும்பத்தையே கூட்டினேன்.

"கத்தி வச்சா எழும்பவே மாட்டாரு. கலேவெல நாட்டு வைத்தியர்கிட்ட எண்ணெய்க்கட்டுப் போடுவோம்" என்று நான் முழங்க, மச்சான் எதிர்க்க, நேரம் போனது. நடுவில் நோயாளியோடு வந்த தள்ளுவண்டிக்கு, திரும்பியும் பார்க்காமல் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடியும் தொடர்ந்தோம்.

கடைசியில் நானே வென்றேன். முடிவைச் சொல்ல உள்ளே போனால், கட்டில் காலி.

"அவரு காலையிலேயே ஒப்பரேசனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரே. ஒங்களத் தாண்டித்தானே தியேட்டருக்குக் கொண்டு போனோம்" என்றார் தாதி.

ஒப்பரேசன் முடிந்த இரண்டாம் நாள் வோக்கரைப் பிடித்து எழுந்து நின்ற அப்பா, "கூட்டம் முடிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

முறிந்தது அவருடைய இடுப்பு. அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசிப் பேசி எனக்கு வலித்ததோ தொண்டை மட்டும்தான்.