மெதுவாகக் கேட்கும் காது

புதுக்கோட்டையில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கு இடது காது மந்தம். நோயாளி உட்காரும் முக்காலியோ எப்போதும் அந்தப் பக்கம்தான் கிடக்கும். உள்ளங்கையைக் குவித்துக் காதில் வைத்து, “என்ன?” என்பார். அந்த 1960களில், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதை யார் வெளியே சொல்வார்கள்? அவரிடம் கத்தித்தான் சொல்ல வேண்டும்; வராந்தாவுக்கே கேட்கும்.

ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் போய் முணுமுணுத்தேன். “மருந்து கேக்கலைங்க. ரெண்டு ரெண்டாப் போட்டுக்கிடவா?”

திரும்பத் திரும்பச் சொன்ன பிறகே விளங்கிக்கொண்டார்.

“அது ஆபத்துங்க. இந்த மாத்திரையும் என் காது மாதிரித்தான், விடாம சொன்னா மெதுவாக் கேக்கும். சில வாரம் ஆகும். நல்லானாலும் நீங்களா நிறுத்திறாதீங்க, எங்கிட்ட வாங்க.”

விராலிமலையில் எங்கள் வீட்டில், ஒரு விடியலில் மயில் அகவுவது காதில் விழுந்தது. மாதக்கணக்காக அகவிக்கொண்டுதான் இருந்திருக்கும். எழுந்து காபி கேட்டேன். மனைவி அடுப்படியிலேயே அழுதுவிட்டாள்.

அடுத்த முறை டாக்டர் அறைக்குள் நுழைந்ததுமே, முக்காலிக்குப் போகாமல் நின்றபடியே, “மருந்து கேட்டிருச்சுங்க” என்றேன். அவர் கையைக் குவித்து, “என்ன?” என்றார். வராந்தா நிறைய ஆட்கள். கூச்சமே இல்லாமல் கத்திச் சொன்னேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது: நான் நின்றிருந்தது அந்த மகராசனின் நல்ல காதுப் பக்கம்.