குழாயில் ரெண்டு தட்டு

எங்கள் சமையலறையில் தோசைக் கரண்டிக்கும் டீ வடிகட்டிக்கும் நடுவே ஓர் ஆணியில் ஒரு ஸ்பானர் தொங்குகிறது. பதினாலு-பதினஞ்சு. ஒரு முனை பதினாலு, மறு முனை பதினஞ்சு, நடுவில் உப்புக் காற்று தின்ற தழும்பு. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். "சப்பாத்தி டைட்டா வந்தா லூஸ் பண்றதுக்கு" என்று சொல்லுவேன். சிரிப்பார்கள். என் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் சுட்ட சப்பாத்தி என்பதால் அல்ல. தோன்றும்போதெல்லாம் அந்த ஸ்பானரை எடுத்து, விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, திரும்ப அதே ஆணியில் மாட்டுகிறவள் அவள்தான்.

அது கீழ்வீட்டு ஸ்ராங்கு கொடுத்தது. விசைப்படகை ஓட்டிக்கொண்டு போகிறவருக்குக் காசிமேட்டுப் பக்கம் ஸ்ராங்கு என்று பெயர். தண்டையார்பேட்டையில் அவர் கீழ் போர்ஷன், நாங்கள் மாடி. வருஷக்கணக்காக ஒரே வாசலில் செருப்பு விட்டவர்கள், ஆனால் பேசிக்கொண்டதெல்லாம் தண்ணீர் மோட்டாரைப் பற்றித்தான். இஞ்சின் சத்தத்திலேயே வாழ்ந்து ஒரு காது மந்தமாகிப் போனதால் அவர் ரகசியம் சொன்னாலும் மூன்றாவது வீட்டில் பதில் சொல்லுவார்கள். முட்டி வேறு தேய்ந்திருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு தனியாக இருந்தார். தனியாக இருப்பதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர் ரோட்டில் லாரி வரிசையில் நின்றே தலை நரைத்தவன். ஒருநாள் கன்டெய்னர் மேலிருந்து வழுக்கி விழுந்ததில் இடுப்பு போனது. டாக்டர் ஒரு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அபின் ஜாதி மாத்திரை, பத்து நாள்தான், அப்புறம் வந்து என்னைப் பாருங்க" என்றார். பத்து நாளில் இடுப்பு வலி குறைந்தது. அதோடு, வேறு என்னென்னவோ வலிகளும் குறைந்தன. அம்மா செத்தபோது ஊரில் இல்லாமல் போன வலி, தம்பி பேசாமல் போன வலி எல்லாவற்றுக்கும் அதே மாத்திரை கேட்டது. டாக்டரைப் போய்ப் பார்க்கவே இல்லை. மருந்துச் சீட்டு வேர்வையில் கிழிய ஆரம்பித்ததும் நான் செய்த காரியத்தை வெட்கமில்லாமல் சொல்கிறேன்: அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுக்கொண்டேன். லைசென்ஸ், ஆதார், பக்கத்தில் அது. ரெண்டு வருஷம் அதைக் காட்டியே வாங்கினேன். ஒரு கடையில் கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த கடை. பத்து நாள் மாத்திரைக்கு ஆயுள் சந்தா கட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் எப்போதும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்ததால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஒரு சித்திரை மத்தியானம் லாரி வரிசையில் நிற்கும்போது, ஸ்டியரிங் மேலேயே கண் சொருகிவிட்டேன். பிரேக்கிலிருந்து கால் நழுவி, வண்டி தானாக ஊர்ந்தது. முன்னால் சைக்கிளில் டீ விற்கிறவர் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். யாரோ கத்தினார்கள். கண் திறந்து மிதித்தபோது அவருடைய பின் சக்கரத்துக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு டம்ளர் வைக்கத்தான் இடம் இருந்தது. "யோவ், கண்ணு பொடனியிலயா கீது?" என்று அவர் கத்தினார். "டீ ஸ்ட்ராங்கா இல்லணா, அதான் தூங்கிட்டேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு ஒரு டீ கொடுத்தார். அதை வாங்கி டாஷ்போர்டில் வைத்தேன், ஆறி ஆடை படியும் வரைக்கும் குடிக்கவில்லை. இனி ஒன்று, மாத்திரையை விட வேண்டும், இல்லை ஸ்டியரிங்கை விட வேண்டும். எனக்கு வேறு தொழில் தெரியாது.

கோடை லீவு வந்தது. மனைவியையும் மகளையும் பொன்னேரியில் மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். ஸ்கூல் திறப்பதற்குள் புது மனிதனாகி, ஒன்றும் நடக்காததுபோல் வாசலில் நிற்பது என்று திட்டம். முதலாளியிடம் இடுப்பு வலி என்று லீவு சொன்னேன். அன்று மட்டும் அது பொய். மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். முப்பது டன் ஏற்றிய வண்டியை ஒரே மிதியில் நிறுத்தினால் பின்னாலிருக்கிற சுமை கேபின் மேல் ஏறிவிடும், விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று எத்தனையோ புது டிரைவர்களுக்குச் சொன்னவன் நான். என் உடம்பை மட்டும் ஒரே மிதியில் நிறுத்தினேன்.

சுமை கேபின் மேல் ஏறியது. முதலில் கொட்டாவி, தாடை கழன்றுவிடும் போல. பிறகு தும்மல், மூக்கில் ஒழுக்கு. அம்மா சாவுக்கே அழாத கண்ணிலிருந்து காரணமில்லாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. கத்திரி வெயிலில் மேலெல்லாம் புல்லரித்தது. போர்வையை இழுத்தால் நெருப்பு, தள்ளினால் ஐஸ். படுக்கையில் கால்கள் ரெண்டும் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தன. வயிறு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, நான் சொல்கிற ஜோக்கைக் கேட்க ஆளில்லை. மின்விசிறியைப் பார்த்து ஒன்று சொன்னேன். அது இல்லை இல்லை என்று சுற்றியது. மனைவி போன் செய்தால், குரலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "ஜாலியா இருக்கேன், நீ லீவு முடிச்சே வா" என்பேன். போனை வைத்ததும் வீடு மூன்று மடங்கு பெரிதாகிவிடும்.

ரெண்டாம் நாள் காலையில், மோட்டார் போடுவதைப் பற்றிக் கேட்க ஸ்ராங்கு மாடி ஏறி வந்தார். அது மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் கரையில். கதவு திறந்தே இருந்தது. சுவரோரம் போர்வைக்குள் நான்.

"இன்னா நைனா, இந்த வெயில்ல போத்திகினு குந்திகினு கீற? சொரமா?"

"இல்லணா, ஊட்டிக்குப் போய்க் கீறேன்."

அவர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். புல்லரித்திருந்தது. கண்ணைப் பார்த்தார்.

"இன்னாத்த வுட்ட?"

"சிகரெட்டு."

"டேய், எங்கிட்ட டபாய்க்காத. இன்னாத்த வுட்டன்னு கேட்டேன்."

சொன்னேன். இந்த உலகத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். "யாராண்டயும் சொல்லாதணா" என்றேன். அவர் எப்படியும் தெரு முழுக்கக் கேட்கிற குரலில்தான் பேசுவார் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்றார். மாட்டேன் என்றேன். கேஸ் ஆகும், லைசென்ஸ் போகும், மனைவிக்குத் தெரியும் என்று பயம். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், ஒரு குடம் கஞ்சித் தண்ணீரில் உப்பு போட்டு, அதோடு இந்த ஸ்பானரையும் கொண்டுவந்தார்.

எதற்கு என்று அவரே விளக்கினார்: படகில் மீனை அடுக்க ஐஸ் அறைக்குள் ஒருவன் இறங்குவான். உள்ளே குளிர், அழுகல் வாடை, காற்றில்லை. மயங்கி விழுந்தால் மேலே தெரியாது, இஞ்சின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் மேலே இருக்கிறவன் அடிக்கடி ஸ்பானரால் ரெண்டு தட்டு தட்டுவான். உள்ளே இருப்பவன் திருப்பி ரெண்டு தட்ட வேண்டும். தட்டாவிட்டால் இறங்கிவிடுவார்கள். "என் முட்டிக்கு மாடி ஒத்து வராது நைனா. இந்தக் கொயா கீயேர்ந்து உன் சமையக்கட்டு வழியாத்தானே மேல போவுது? காலைல, மத்தியானம், சாயங்காலம் நான் ரெண்டு தட்டுவேன். நீ ரெண்டு தட்டு. இது எங்க போட்டு சட்டம். வெளாட்டு கெடையாது."

விளையாட்டுக் கிடையாது என்று என்னிடம் சொன்னால் என்ன அர்த்தம்? மத்தியானம் கீழேயிருந்து டங் டங் என்று இரும்புக் குழாய் அதிர்ந்ததும், தவழ்ந்து போய் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ரெண்டு தட்டுக்குப் பதில் சாவு மேளம் தட்டினேன். டண்டணக்கு டணக்கு, டண்டணக்கு டணக்கு. பிறகு கீழேயிருந்து, "கயித! நல்ல நேரத்துல தட்றான் பாரு மோளம்!" என்று கேட்டது. அதைத் தொடர்ந்து அவர் சிரிப்பதும் கேட்டது. அத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே மேளம்தான். சாயங்காலம் கொஞ்சம் ஊர்வலம் தெருமுனை திரும்புகிற மாதிரி வேகமாக. மறுநாள் வாயாலேயே பட்டாசோடு. அந்த நாட்களில் நான் எதற்காவது எழுந்தேன் என்றால், என் சாவுக்கு நானே மேளம் அடிக்கத்தான்.

நான்காம் நாள் மத்தியானம். கஞ்சித் தண்ணீரும் உள்ளே தங்காமல் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. நாக்கு அட்டையாக ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துணி தேடியபோது, பழைய காக்கிச் சட்டைப் பையில் ஒரு முழு அட்டை மாத்திரை அகப்பட்டது. நான் மறந்த ஒன்று, என்னை மறக்காத ஒன்று. பத்தையும் உடைத்து உள்ளங்கையில் கொட்டினேன். ஒன்று போதுமா, ரெண்டா என்று யோசிக்கிற ஆளாக அப்போது நான் இல்லை. எல்லாவற்றையும் போட்டுத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். செத்துப்போகிற எண்ணம் இருந்ததா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்லுவேன். எழுந்திருக்கிற எண்ணமும் இல்லை.

அப்போது டங் டங் என்றது. இவர் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்று, எட்டி ஸ்பானரை எடுத்து ஒழுங்காக ரெண்டு தட்டு தட்டினேன். அவருடைய படகுச் சட்டப்படி. பிறகு தண்ணீர்ச் செம்பைத் தேடினேன்.

செம்பு கைக்கு வருவதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். படிக்குப் படி "அம்மாடி, அம்மாடி" என்று முட்டியைத் திட்டிக்கொண்டு அவர் ஏறி வந்தார். வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து உதறினார். மாத்திரைகள் தரையில் உருண்டன.

"ஒய்ங்காத்தானேணா தட்டுனேன்" என்றேன்.

"அதான்டா ஏறி வந்தேன்."

அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். டாக்டரம்மா எங்கள் ரெண்டு பேரையும் ஒன்றாகத் திட்டினார். "யார் உங்களை ஒரேயடியா நிறுத்தச் சொன்னது? இதுக்கு மருந்து இருக்கு, அளவு இருக்கு, படிப்படியா இறக்கணும். காய்ஞ்சு கிடக்கிற உடம்புல அத்தனையும் போட்டிருந்தா மூச்சு நின்னிருக்கும்." நான் மரியாதையாக லேமினேஷன் சீட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா இது, ஐ.டி. கார்டா?" பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை.

டாக்டரம்மா போன பிறகு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே ஸ்ராங்கு சொன்னார். "என் தம்பி பவுடர் அடிச்சிகினு இருந்தான். வூட்ல போட்டுப் பூட்டினோம். ரெண்டு நாளு கதவ ஒதச்சான், எங்க எல்லாரையும் கலீஜா திட்டினான். மூணாவது நாளு சத்தமே இல்ல. தேறிட்டான், தூங்குறான்னு நெனச்சிகினோம்." தன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவர் மெதுவாகப் பேசினார் என்றால் அது அன்றைக்குத்தான்.

மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு, அளவைக் குறைத்துக் குறைத்து வெளியே வந்தேன். மனைவி திரும்பி வந்ததும் உண்மையைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். நான் சொன்னால் யாரும் அப்படித்தான். லேமினேஷன் சீட்டைக் கையில் கொடுத்ததும் சிரிப்பு நின்றது. "அந்தப் பெரியவருக்குத் தெரிஞ்சது, எனக்குத் தெரியல" என்றாள். அன்று முழுவதும் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னாள். தடைக்காலம் முடிந்து ஸ்ராங்கு கடலுக்குப் போனார். கரையில் இருக்கும் நாட்களில் காலை, மத்தியானம், சாயங்காலம் தட்டுவார். நான் மேளம் அடிப்பேன். பக்கத்து வீடுகளில் என்னவென்று நினைத்தார்களோ.

போன வருஷம் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. அன்று காசிமேடு வரைக்கும் நிஜ மேளம் முன்னால் போனது. அதே அடி. ஜோக் எதுவும் வாயில் வரவில்லை.

இப்போது கீழ் போர்ஷனில் ஐ.டி. கம்பெனிக்குப் போகிற ரெண்டு பேர் இருக்கிறார்கள். இரும்புக் குழாய் துருப்பிடித்ததென்று வீட்டுக்காரர் பிளாஸ்டிக் குழாய் மாற்றிவிட்டார். அதில் தட்டினால் டொக் என்று அங்கேயே செத்துவிடும், மாடியைத் தாண்டாது. இடுப்பு வலி கூடுகிற நாட்களில், வீட்டில் யாரும் இல்லாதபோது, ஸ்பானரை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்காருவேன். அப்போதும் சாவு மேளம்தான் தட்டுகிறேன். ஒழுங்காக ரெண்டு தட்டு தட்ட எனக்கு மனசு வரவில்லை. பாவம், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிடுவார்.