தொடை இல்லாத கோழி

இன்று மதியம் மலாக்காவின் மஸ்ஜித் தானா ஊரில் ஒரு பொரித்த கோழிக் கடைக்குப் போனோம். கூட வந்த அண்ணி, புலாவ் செபாங் ஊர்ச் சந்தையான பசாரில் கோழி வெட்டி விற்பவர்.

ஐந்து துண்டு வாங்கினோம். போன வருடம் இதே விலைக்கு ஏழு கொடுத்தார்கள்.

அண்ணி சாப்பிடவில்லை. துண்டுகளைத் தட்டில் வரிசையாக அடுக்கிப் பார்த்தார்.

"மூணு இறக்கை, ரெண்டு முதுகு. தொடை எங்க தம்பி? இறக்கை இருந்தா தொடையும் இருக்கணும்ல?"

கவுண்டரில் போய்க் கேட்டேன். தொடை முடிந்துவிட்டது என்றார் அங்கிருந்த பெண். கடை திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பக்கத்து மேசைப் பெரியவர் தன் பெட்டியைத் திறந்து காட்டினார். "எனக்கும் இறக்கைதான்மா. போன வாரமும் இதேதான் லா."

அண்ணி விடவில்லை. நான்கு மேசைகளைச் சுற்றி வந்து, எல்லோருடைய தட்டையும் எட்டிப் பார்த்தார். கடை முழுவதும் ஒரே ஒரு தொடைதான் இருந்தது. அதுவும் சுவரில் ஒட்டிய படத்தில்.

"நான் இப்படி வித்தா நாளைக்கே பசார்ல கடை போட விடமாட்டாங்க," என்றார்.

மலாக்காவில் யாருக்காவது தொடை கிடைத்திருந்தால் கீழே படம் போடுங்கள். எலும்பு தெரிகிற மாதிரி எடுங்கள், அண்ணி சரிபார்ப்பார்.